மூன்று பேருக்கு ஒரே ஊசி

வெள்ளையன் ஊசிகளைக் கொதிக்க வைக்கிற விதத்தைப் பார்த்து ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிரிப்பார்கள். இருபது நிமிடம் கொதித்தால் போதும் என்று நர்ஸ் பாப்பாத்தியம்மா வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்திருந்தார். அவன் முக்கால் மணி நேரம் விடுவான். தண்ணீர் சுண்டிப்போனால் மறுபடி ஊற்றி மறுபடி கொதிக்க விடுவான். "இன்னாடா வெள்ளையா, ஊசிய வேக வச்சி கொழம்புல போடப் போறியா?" என்று பாப்பாத்தியம்மா கேட்டால் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சட்டியில் தண்ணீர் அளவைப் பார்ப்பான். ஏன் என்று யாரும் அக்கறையாகக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. முன்பக்கம் பிரசவ வார்டு. கிணற்றைத் தாண்டிப் பின்பக்கம் காசநோய் வார்டு, பன்னிரண்டு கட்டில். வெள்ளையன் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலைக்கும் மேலே அவன் ஊர். மனைவி வெள்ளச்சி அங்கே சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, இவன் ஐந்து வருடமாக வார்டே வீடாகக் கிடந்தான். இருமுகிறவனைத் தூக்கி உட்கார வைப்பது, சளிச் சட்டி கழுவுவது, ஊசி கொதிக்க வைப்பது, செத்தவனைத் துடைத்து வேட்டி கட்டி அனுப்புவது, எல்லாம் அவன் வேலை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஐப்பசியில் ஒரு காலை, டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் தன் புருஷனைத் தோளில் தாங்கிக்கொண்டு இறங்கினாள். ஆண்டாள் என்று பெயர் சொன்னாள். கோமுகி அணைக்குக் கீழே கரும்பு போடுகிற குடும்பம். புருஷனுக்கு இரண்டு மாதமாக இருமலும் காய்ச்சலும். தொடையில் கட்டி உடைந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் நல்ல வாட்டசாட்டமான ஆளாக இருந்திருக்க வேண்டும். இப்போது தூக்கினால் ஒரு கட்டு கரும்புச் சோகை அளவுக்குத்தான் கனம். வெள்ளையன் அவனைக் கட்டிலில் சாய்த்துத் தலையணையை இழுத்து விட்டபோது அவன் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் இவனையே பார்த்தான்.

"டாக்டரே," என்றான். "நீ இங்கதான் இருக்கிறியா?"

வெள்ளையனின் கை தலையணையோடு நின்றுவிட்டது. அவனை அப்படிக் கூப்பிட்டவன் உலகத்தில் ஒரே ஒருவன். அந்த எலும்புக்கூட்டுக்குள்ளே தங்கதுரை இருந்தான்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டு பஸ், லாரி எதையும் விடாமல் மறித்தார்கள். சேலம் சாலையில் மரம் வெட்டிய கூட்டத்தில் தங்கதுரை முன்னால் நின்றான். போலீஸ் அடித்து விரட்டியதில் அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பக்கத்தில் நின்ற செல்லமுத்துவுக்குத் தோள்பட்டை போயிற்று. அவன் உளுந்தூர்பேட்டை லாரி டிரைவர், பம்பாய் லைனில் ஓட்டுகிறவன். மூன்றாமவன் சின்னதுரை, ஆண்டாளின் பெரியப்பா மகன், திருக்கோவிலூர் பக்கம். அவனுக்கு மண்டை பிளந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள் என்று மூன்று பேரையும் மாட்டு வண்டியில் வைக்கோலுக்கு அடியில் படுக்க வைத்து மலையடிவாரத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

அடிவாரத்தில் தெய்வசிகாமணி என்பவர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். படித்த டாக்டர் இல்லை. ஊசி போடுவார், அதனால் டாக்டர். வெள்ளையன் அவரிடம் உதவிக்கு இருந்தான். அவர் ஒரு பெட்டி வலி ஊசி மருந்தும், ஒரு கண்ணாடி சிரிஞ்சும், ஒரே ஒரு ஊசியும் அவன் கையில் கொடுத்தார்.

"நான் மேல வந்தா போலீஸு மோப்பம் புடிச்சிடும். நீ மலைக்காரன், போறதும் வர்றதும் ஒருத்தனுக்கும் தெரியாது. வலி தாங்கலன்னா போடு," என்றார்.

சாமைக் கொல்லைக்கு நடுவே இருந்த மாமன் குடிசையில் மூவரையும் வைத்தான் வெள்ளையன். முதல் இரண்டு நாள் ஊசியைக் கொதிக்க வைத்துத்தான் போட்டான். மூன்றாம் நாள் வெள்ளிமலைக்கு போலீஸ் ஜீப் வந்ததாகச் செய்தி வந்தது. ஆளில்லாத கொல்லையில் புகை எழுந்தால் கேள்வி வரும். அன்றைக்கு அடுப்பை அணைத்தவன் பிறகு மூட்டவே இல்லை. ஸ்பிரிட்டில் துடைத்தான். ஒரு வாரத்தில் ஸ்பிரிட் தீர்ந்தது. அதற்குப் பிறகு வெறும் துணி. ஊசி முனை மழுங்கியபோது கல்லில் தேய்த்துக் கூராக்கினான். தேய்க்கும்போது தன் கட்டைவிரலிலும் எத்தனையோ தடவை குத்திக்கொண்டான்.

போடுவதில் ஒரு வரிசை இருந்தது. செல்லமுத்து அதிகம் துடிப்பான், சத்தம் வெளியே கேட்டுவிடும், அதனால் அவனுக்கு முதலில். அடுத்து தங்கதுரை. கடைசியில் சின்னதுரை. தங்கள் முறை வரும்வரை மற்ற இருவரும் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு முனகுவார்கள். இப்போதும் காசநோய் வார்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அசந்து கிடக்கிற நேரத்தில் வெள்ளையனுக்கு அந்த முனகல் கேட்கும். எந்தக் கட்டில் என்று எழுந்து பார்ப்பான். எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

சின்னதுரை பத்தாம் நாள் இறங்கிப் போனான். செல்லமுத்து மூன்று வாரத்தில் போனான். தங்கதுரைக்கு மட்டும் கால் எலும்பு ஒன்றுசேர நாற்பது நாள் ஆயிற்று. எலும்பு கூடிய பிறகும் அவன் ஊசி கேட்டான். வெள்ளையன் இன்னொரு பெட்டி வாங்கி வந்து போட்டான். ஏன் போட்டான் என்று பிற்பாடு பல தடவை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறான். கீழ்நாட்டில் பத்துக் காணி வைத்திருக்கிற ஆள், பக்கத்தில் உட்கார வைத்து ஒரே சட்டியில் சோறு தின்றான். "டாக்டரே, நீ இல்லன்னா நான் இல்ல" என்றான். மலைக்காரனை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் போட்டான்.

தங்கதுரையின் ரத்தத்தைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார் டாக்டர் அன்புச்செல்வன். அவருக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும், பொறுமைசாலி. பன்னிரண்டு நாள் கழித்துத் தாள் வந்தது. எச்.ஐ.வி. இருந்தது. அந்த ஆஸ்பத்திரி அதுவரை பார்த்திராத நோய்.

அன்று மத்தியானமே வார்டு மாறிப்போனது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். தங்கதுரையின் கட்டிலை வராந்தாக் கோடியில் போடச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பெருக்குகிற பெண் அந்தப் பக்கம் தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளினார்கள். பாப்பாத்தியம்மா கெட்டவர் இல்லை. பதினெட்டு வருடமாகக் காசநோயைத் தொட்டுத் தூக்கியவர். அவரே இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"ஊசி போட்டு போட்டு தேடிக்கினு வந்த சீக்கு. நாம இன்னா பண்ண முடியும்?" என்றார்.

வெள்ளையன் தட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தான். சீழ்ப்புண்ணைக் கழுவிக் கட்டினான். தொடை இரண்டும் ஊசி ஏறி ஏறி மரக்கட்டைபோல் இறுகிக் கிடந்தன. ஆறு வருடம். மெடிக்கல் ஷாப் பின்வாசலில் வாங்கியது, திருக்கோவிலூரில் ஒரு லாட்ஜ் அறையில் நாலு பேரோடு சேர்ந்து ஒரே சிரிஞ்சில் போட்டுக்கொண்டது, எல்லாவற்றையும் தங்கதுரை ஒளிக்காமல் டாக்டரிடம் சொன்னான். வெள்ளையன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். லாட்ஜ் என்ற சொல் வந்தபோது அவனுக்குள் ஏதோ தளர்ந்தது. அப்படித் தளர்ந்ததற்காகவே அடுத்த நிமிடம் தன்னை வெறுத்தான்.

ஆண்டாளிடம் தங்கதுரையே சொன்னான். டாக்டர் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், என் வாயால் சொல்கிறேன் என்றான். அவள் கேட்டுவிட்டுக் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கழுவினாள், வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஊசின்னு எனக்குத் தெரியும் அண்ணே," என்றாள் வெள்ளையனிடம். "மலையிலேருந்து எறங்கி வந்த நாள்லேருந்து அவரு எங்கூட இல்ல. ஊசிகூடத்தான் குடித்தனம். இது மட்டும்தான் தெரியாது."

மலை என்று அவள் சொன்னபோது அவன் தலை குனிந்தான். மலையில் ஊசி போட்டது அவன்தான் என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவனுக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாளிலிருந்தே தங்கதுரைக்கு ஊசி நின்றுபோயிருந்தது. வரும்போது இடுப்பில் முடிந்து கொண்டு வந்தது தீர்ந்ததும் உடம்பு கேட்க ஆரம்பித்தது. விடாமல் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், தோலெல்லாம் புல்லரிப்பு, வயிற்றைப் பிசைந்து பேதி. கால்கள் ஒரு இடத்தில் நிற்காமல் உதைத்துக்கொண்டே இருந்தன. விழிக்கும்போதெல்லாம் ஊசி கேட்டுக் கெஞ்சினான். சிலசமயம் கத்தினான். "குடிகாரன் மாதிரி நடிக்கிறான்" என்று எதிர்ப்பக்கக் கட்டில்களிலிருந்து பேச்சு வந்தது. இரத்தப் பரிசோதனைத் தாளும் வந்த பிறகு யாரும் அவன் பக்கமே போகவில்லை.

அப்படி ஒரு மத்தியானம், வெள்ளையன் அவன் கால்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது தங்கதுரை வராந்தாவின் மூலையைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"அவனுக்கு மொதல்ல போடு," என்றான்.

"யாருக்குண்ணே?"

"செல்லமுத்துக்கு. வந்து நிக்கிறான் பாரு, தோள புடிச்சிக்கினு. மொத ஆளு அவன்தான? எனக்கு அப்பறம் போடலாம்."

வெள்ளையன் மூலையைப் பார்க்கவில்லை. "செல்லமுத்து எங்க இருக்காரு இப்போ?" என்று மட்டும் கேட்டான்.

"செத்துட்டான். ரெண்டு வருசம் ஆச்சி. இதே சீக்குதான்னு சேலத்துல சொன்னாங்களாம். அவன் பொண்டாட்டியும் இதே சீக்குல படுத்துட்டா." சொல்லிவிட்டு மறுபடி மூலையைப் பார்த்தான். "செத்தவன் எதுக்குடா ஊசி கேக்குறான்?"

பம்பாய் லைன் டிரைவர். முதல் ஊசி அவனுக்கு. இரண்டாவது ஊசி. மூன்றாவது ஊசி. வெள்ளையன் தங்கதுரையின் கால்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த இரண்டு நாளில் இடஒதுக்கீட்டுக்காக மாநிலம் முழுக்க பந்த் அறிவித்தார்கள். பந்த் அன்று காலை பத்து மணிக்கு வெள்ளையன் கிணற்றடியிலிருந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. ஆண்டாள் முந்தின நாள் வீட்டுக்குப் போயிருந்தாள். பாப்பாத்தியம்மா, "போனா போவட்டும் விடு," என்றார், ஆனால் வாசல்வரை அவரும் வந்து பார்த்தார். வெள்ளையன் சாலைக்கு ஓடினான். கேட்டுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில், பஸ் நிற்கிற இடத்தில், தங்கதுரை வெறும் தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். சாலை இரண்டு பக்கமும் ஒரு வண்டி இல்லாமல் வெளிச்சமாகக் கிடந்தது.

"பஸ்ஸு வரல," என்றான்.

"பந்த்துண்ணே. எதுவும் ஓடாது."

தங்கதுரை சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் ரத்தமாகி நின்றது. "நாங்க நிறுத்தினோம் அப்போ. இப்போ என்னியே நிறுத்திட்டானுங்க."

"எங்க போவப் பார்த்தீங்க?"

"திருக்கோவிலூருக்கு. ஒரு ஊசி போட்டுக்கினு அங்கயே எங்கனா கெடப்பேன். இந்தக் காலு என்ன உதைக்கிற உதை உனக்குத் தெரியாது."

வெள்ளையன் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கட்டிலில் போட்டுவிட்டு நேராக டாக்டர் அறைக்குப் போனான். அதுவரை அவன் அந்த அறையில் கேட்டதற்குப் பதில் சொன்னதைத் தவிர வேறு பேசியதில்லை.

"டாக்டரய்யா, அவருக்கு அந்த வலி ஊசியப் போடணும்ங்க."

அன்புச்செல்வன் நிமிர்ந்தார். "போதைக்கு நாமளே ஊசி போடறதா? டிரஸ்டுல கேட்டா என்ன சொல்றது?"

"போடலன்னா அவரு போயிடுவாருங்க. நாளைக்கு பஸ்ஸு ஓடும். காசநோய் மாத்திரையும் நின்னுடும், கட்டும் நின்னுடும். ஏதோ ஒரு ரூம்புல இன்னும் நாலு பேருக்கு அதே ஊசி போவும்." அவன் நிறுத்தினான். பிறகு சொன்னான். "நான் போட்டிருக்கேன் அய்யா அவருக்கு. மொதமொத ஊசி நான்தான் போட்டேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். புகை, ஸ்பிரிட், கல்லில் தேய்த்தது, வரிசை, செல்லமுத்து செத்தது. முடிந்ததும் டாக்டர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உன் ரத்தத்தையும் எடுத்து அனுப்பறேன்," என்றார். பிறகு கேஸ் ஷீட்டை இழுத்து எழுதினார். காலையும் மாலையும் ஒரு அளவு. வாரத்துக்கு வாரம் குறைப்பது. ஒவ்வொரு தடவையும் புது டிஸ்போசபிள் ஊசி. "டிரஸ்டுல நான் பேசிக்கிறேன். நீயே கூட இரு. ஆனா ஊசி நர்ஸ்தான் போடணும்."

பாப்பாத்தியம்மா இரண்டு ஜோடி கையுறையோடுதான் முதல் ஊசியைப் போட்டார். அரை மணி நேரத்தில் தங்கதுரையின் கால்கள் அடங்கின. பல நாளுக்குப் பிறகு ஒரு டம்ளர் கஞ்சியை முழுதாகக் குடித்துவிட்டு அவன் தூங்கியதைப் பார்த்து அவர், "இவ்ளோதானா? இதுக்கா பயந்துக்கினு இருந்தோம்?" என்றார். மறுநாள் ஒரே ஜோடி கையுறைதான் மாட்டினார். ஒரு வாரத்தில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கதையைக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

வெள்ளையனின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று தாள் வந்தது. டாக்டர் தோளைத் தட்டினார். வெள்ளையனுக்கு சந்தோஷம் வரவில்லை. தனக்கு மட்டும் ஒன்றும் ஆகாமல் தப்பித்தது யாரோ தன்னைக் குறிவைத்து விட்டுவைத்ததுபோல் இருந்தது. அன்று சாயங்காலம் தங்கதுரையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, டாக்டரிடம் சொன்னதை அவனிடமும் சொன்னான்.

தங்கதுரை மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அவன் முகத்தில் கோபம் வருமென்று வெள்ளையன் எதிர்பார்த்தான், வந்திருந்தால் நல்லது. வரவில்லை.

"நீ தண்ணி காய வெக்கலன்னு எனக்குத் தெரியும். நான் என்ன குருடனா? படுத்துக்கினு பார்த்துக்கினுதான இருந்தேன்," என்றான். "அதுவா, லாட்ஜா, எவனுக்குத் தெரியும்? ரெண்டுமாகூட இருக்கும்."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"அத விடு. சின்னதுரைகிட்ட சொன்னியா?"

வெள்ளையன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினான்.

"அவனும் அதே ஊசிதான? போன வருசம் கல்யாணம் கட்டியிருக்கான். சின்னப் பொண்ணு. எங்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கினு உக்காந்திருக்கிற, அவங்கிட்ட போவமாட்டியா?"

மறுநாளே போனான். இரண்டு பஸ் மாறித் திருக்கோவிலூருக்குப் போய், அங்கிருந்து ஆற்றோரமாக நடந்தான். சின்னதுரை இப்போது ஊரில் பெரிய ஆள். மறியல் நடத்திய சங்கத்தில் பதவி, வாசலில் புல்லட், பந்தலில் நாலைந்து பேர். மண்டைத் தழும்பை மறைக்கிற மாதிரி முடியை வளர்த்து வாரியிருந்தான். தனியாகப் பேசணும் என்று வெள்ளையன் கேட்டதும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனான். முழுதும் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் சாம்பலாகிக்கொண்டே போயிற்று.

"எத்தன ஊசி போட்ட எனக்கு?"

"பதினாலோ பதினஞ்சோ இருக்கும்ண்ணே. எல்லாம் அவங்க ரெண்டு பேருக்கு அப்பறம்."

சின்னதுரை திரும்பிப் பந்தலிலிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "நான் மலைக்கே வரல. எனக்கு உன்னத் தெரியாது. இந்தப் பேச்ச வேற எவங்கிட்டயாவது பேசினன்னு தெரிஞ்சிது, வெட்டிப் போட்டுடுவேன். போ."

கொட்டகையைத் தாண்டும்போது ஒரு பெண் கூடையில் வைக்கோல் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் புதுசாக இருந்தது. "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். வெள்ளையன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், வேகமாக நடந்தான்.

தங்கதுரை மார்கழி முடிகிற வரை இருந்தான். ஊசி வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்திருந்தது. கட்டிலை மறுபடி வார்டுக்குள்ளே போட்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்திருந்தார்கள். அவன் உடம்பு மட்டும் திரும்பவில்லை. அந்த நோய்க்கென்று கொடுக்க அப்போது அவர்களிடம் மருந்து எதுவும் இல்லை. கடைசி இரண்டு நாள் மூச்சு வாங்கியது. ஆண்டாள் தலைமாட்டிலும் வெள்ளையன் கால்மாட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். வலி இல்லாமல் பார்த்துக்கொண்டார் டாக்டர். ஒரு தடவை கண் திறந்து, "மூலையில யாரு?" என்றான். "யாரும் இல்ல," என்றாள் ஆண்டாள். "செரி," என்றான். காலை ஏழு மணிக்கு அடங்கினான்.

வெள்ளையன்தான் துடைத்தான். பாப்பாத்தியம்மா கூட நின்று வேட்டி கட்டினார்.

உடல் வண்டியில் ஏறும் முன்பு ஆண்டாள் வெள்ளையனைத் தனியாகக் கூப்பிட்டாள். "அவரு எல்லாம் சொன்னாரு அண்ணே. நீதான் மலையில இருந்தவன்னு வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சேதான் எங்கிட்ட சோறு வாங்கிக் குடுத்தியாம்மா?"

"கொல்லணும்னு இருந்திச்சி," என்றாள் அவள், அமைதியாக. "ஆனா வேற யாரு அவரத் தொட்டாங்க?"

அவளுடைய ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனாள். சின்னதுரையிடம் போகவில்லை, வாசலில் இருந்தவனைத் தாண்டி நேராக உள்ளே போய் அவன் பெண்டாட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் அடுத்த நாளே தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ரத்தம் சோதித்துத் தாளோடு வந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

சின்னதுரை வருவதற்கு ஆனி மாதம் ஆயிற்று. புல்லட்டில் வரவில்லை, டவுன் பஸ்ஸில், தலையில் துண்டு போட்டுக்கொண்டு வந்தான். டாக்டர் அறையில் ரத்தம் கொடுத்தான். பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தான். தாளில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது.

அவன் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வெள்ளையன் வேப்பமரத்தடியில் நின்றான்.

"நீ ஏன்டா வந்து சொன்ன?" என்றான் சின்னதுரை. "சொல்லாம இருந்திருந்தா இத்தன மாசம் நான் தூங்கியிருப்பேன்."

"நான் ஏழு வருசமா தூங்கலண்ணே."

சின்னதுரை அவனை ஏற இறங்கப் பார்த்தான். துண்டைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

வெள்ளையன் டாக்டரிடம் போய்க் கேட்டான். "அப்போ அந்த ஊசியால இல்லியாங்க? தங்கதுரைக்கு லாட்ஜுலதான் வந்திச்சா?"

அன்புச்செல்வன் அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. "சின்னதுரைக்கு வரலங்கறதால தங்கதுரைக்கும் உன்னால வரலன்னு அர்த்தம் இல்ல வெள்ளையா. ஒரே ஊசியில ஒருத்தருக்கு வரும், ஒருத்தருக்கு வராது. அந்த நேரத்துல செல்லமுத்துக்கு அது இருந்துதான்னே நமக்குத் தெரியாது. இதை யாராலயும் சொல்ல முடியாது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

உன் ஊசியால்தான் என்று சொல்லியிருந்தால் அவன் எங்கேயாவது விழுந்து அழுதிருப்பான். உன்னால் இல்லை என்று சொல்லியிருந்தால் மலைக்குப் போய் வெள்ளச்சியிடம் சொல்லியிருப்பான். இரண்டும் இல்லாமல் அவன் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். வெளியே பாப்பாத்தியம்மா கூப்பிட்டார். உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு லாரி கிளீனரைக் கொண்டு வந்திருக்கிறார்களாம். தொடையில் கட்டி, விடாமல் கொட்டாவி விடுகிறானாம், யாரையும் கிட்டே சேர்க்கமாட்டேன் என்கிறானாம்.

"நீ வாடா," என்றார். "உங்கிட்டன்னா பேசுவான்."

வெள்ளையன் போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வந்தவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். கடைசியாக எப்போது ஊசி போட்டுக்கொண்டாய் என்று வெள்ளையன் மெதுவாகக் கேட்டான். அவன் பதில் சொல்லும்வரை காத்திருந்தான்.